திண்ணையிலிருந்து கிராமசபைக்கு

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வது எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் வழக்கம். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிகளைத்தான் எண்ணுவார்கள். என் கணக்கில் அந்த ஊரின் பெருமை இரண்டு பள்ளிக்கூடங்கள். 1890ல் சாரா டக்கர் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். நாட்டிலேயே அத்தகைய முதல் சில பள்ளிகளில் அதுவும் ஒன்று. இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன. தமிழ் எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை அந்தக் காலத்திலேயே இங்கே நடந்தது. மொழிக்கு ஒரு பிரெயில், பள்ளிக்கு ஒரு பிரெயில் என்று நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த முறைகள், 1951ல் பாரதி பிரெயில் வந்த பிறகே ஒரு பொது வழிக்கு வந்தன.

மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தொடங்கி, நிறுவனர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தப் பெயர்கள் மரியாதைக்குரியவைதான். ஆனால், தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் களப்பணியாளராகவே காலம் கழித்த எனக்கு அந்த வரிசை போதவில்லை. பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் கட்டியவர்களுக்கு அடுத்தபடியாக, வீடு வீடாக ஏறி இறங்கிய ஒரு கூட்டம் உண்டு; சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த ஒரு கூட்டம் உண்டு. இன்று உள்ளாட்சி மன்றத்தில் எங்களுக்கென்று ஒரு நாற்காலி சட்டப்படி போடப்பட்டிருக்கிறது என்றால், அதை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் இவர்கள். எந்தக் கல்வெட்டிலும் பெயர் இல்லாத இவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடம் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்று பார்த்துவிடலாம். எங்கள் ஊரில் பாளையங்கோட்டையில் படித்துத் திரும்பிய காது கேளாத அண்ணன் ஒருவர் இருந்தார். தெளிவான கையெழுத்து, கணக்கில் பிசகே வராது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் தலை நிமிராமல் தைப்பார். விடுதியில் கூடப் படித்தவர்களோடு கைகளால் மணிக்கணக்கில் பேசிப் பழகியவர், ஊருக்கு வந்த பிறகு பேச ஆள் இல்லாமல் போனார். அவருடைய தங்கை ஒருத்திக்குத்தான் அந்தக் கைப்பேச்சு கொஞ்சம் தெரியும். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு அதுவும் போயிற்று. ரேஷன் கடையில் முறை வந்தால் தோளைத் தட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான். பள்ளி அந்தப் பிள்ளையை வெளியே எடுத்து வளர்த்தது. ஊர் தன் பங்குக்கு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள் என்று அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்தது வேலூர் ஆஸ்பத்திரி. 1946ல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை மாற்றி வைத்து நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை உருவாக்கினார். தொழுநோயில் விரல் தானாக உதிர்வதில்லை. உணர்ச்சி போன விரலில் சூடும் காயமும் தெரியாததால்தான் அது அழிகிறது என்று எடுத்துக் காட்டியவர் அவர். எம்.சி.ஆர். செருப்பு என்று எங்கள் கிராமங்களில் சொல்லும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தது. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்கும் அந்த ஒரு ஜோடி செருப்புக்காகப் பலரும் நாள் கணக்கில் காத்துக்கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிராண்டிடம் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். டாக்டர் வாழ்க்கை முடிந்தது என்று அவரே எண்ணியிருந்த நேரத்தில், கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று பிராண்ட் எடுத்துச் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளை அவர் நிமிர்த்தினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ல் பத்மஸ்ரீ. முதுகெலும்பு முறிந்து வந்த நோயாளிக்கு எதிரே, அதே நிலையில் உள்ள ஒருவர் டாக்டராக உட்கார்ந்திருப்பார். நோயாளிக்கு அது எத்தனை பெரிய தைரியம்! பாளையங்கோட்டையில் எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் நல்லவர்கள், ஆனாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். வேலூரில் எங்களில் ஒருவரே பொறுப்புக்கு வந்தார்.

நான் போலியோ தலைமுறையைச் சேர்ந்தவள். இளம்பிள்ளை வாதம் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். இடது கால் முழுக்க இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த காலிப்பர். முழங்காலில் ஒரு வளையம் இருக்கும்; நிற்கும்போது அதைக் கீழே தள்ளிப் பூட்ட வேண்டும், உட்காரும்போது மேலே இழுத்து விட வேண்டும். மழைக்காலத்தில் தோல் நனைந்தால் தொடை புண்ணாகிவிடும். இதையெல்லாம் அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் மிகப் பலர் இந்தத் தலைமுறையினர் என்பதால் சொல்கிறேன். மூளையும் நாக்கும் நன்றாக இருந்தன, கால்தான் இல்லை. தவழ்ந்தாவது பள்ளிக்குப் போனோம், மனு எழுதக் கற்றோம், மேடையில் பேசினோம். அதனால் எங்கள் கோரிக்கைகளே முதலில் ஒலித்தன: சாய்தளம், மூன்று சக்கர சைக்கிள், பெட்ரோல் ஸ்கூட்டர். பேச முடியாதவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், மனநோயாளிகள் ஆகியோரின் கோரிக்கைகள் வெகுகாலம் பின்னால் நின்றன. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் நம் பகுதியைப் போலியோ இல்லாததாக அறிவித்தது. எங்களுக்குப் பின்னால் இனி எங்களைப் போன்றவர்கள் வர மாட்டார்கள். அது பெரிய சந்தோஷம். இயக்கத்தின் தலைமை இனி மூளை முடக்குவாதம் உள்ளவர்களிடமும் காது கேளாதவர்களிடமும் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமும் போக வேண்டும். போய்க்கொண்டும் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் ஆய்க்குடியைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஆய்க்குடி ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தவர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் பெங்களூரில் கீழே விழுந்து கழுத்து எலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981ல் அமர் சேவா சங்கத்தைச் சொந்த ஊரிலேயே தொடங்கினார். 1981 ஐ.நா. சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. 1992ல், தசைச்சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் சங்கரராமன் வந்து சேர்ந்தார். 2020ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னைக்கோ மதுரைக்கோ போகாமல், குற்றால மலையின் சாரல் அடிக்கும் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு அவர் இதைச் செய்தது எங்கள் பகுதியின் பார்வையை மாற்றியது. ஆய்க்குடி ராமகிருஷ்ணன் சாரைப் பார்த்த கண்ணால் தன் வீட்டுப் பிள்ளையையும் பார்க்கத் தொடங்கிய பெற்றோர் இங்கே நிறையப் பேர்.

ஆனாலும் எத்தனை பெரிய வளாகமாக இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் அங்கே வர முடியாது. வயல் வேலைக்கும் பீடி சுற்றவும் போகிற தாய், தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி எப்படி வருவாள்? உலக சுகாதார நிறுவனம் 1970களின் இறுதியில் வகுத்த சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்ற வழி இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. பிள்ளை சிகிச்சைக்கு வர முடியாவிட்டால் சிகிச்சை பிள்ளையின் வீட்டுக்குப் போகட்டும். பத்தாவது படித்த ஊர்ப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் அதில் பெரும்பகுதியை அவளே செய்வாள். 1990களில் இந்த வேலை எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தபோது நானும் சேர்ந்தேன்.

முதல் வேலை சர்வே. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதுவது. கேட்க எளிதாகத் தோன்றும். அதுதான் ஆகக் கடினமான வேலை. வாசலில் நின்று கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள். அடுத்த வீட்டு ஆச்சி கண்ணைக் காட்டுவாள். மறுபடி போய்த் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணி வாங்கிக் குடித்து, என் காலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகுதான் உள்ளறைக் கதவு திறக்கும். ஒரு தாய் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இவன வெளிய தூக்கிட்டுப் போனா, என்ன பாவம் பண்ணுனியோன்னு கேக்காவ. நீங்க வேற பேர எழுதணுங்கிய." நான் சொன்னேன்: "எழுதுனாத்தான் யக்கா, இவன் இருக்கான்னு சர்க்காருக்கே தெரியும்." அவள் எழுதவிட்டாள்.

அந்தப் பையனுக்கு நான்கு வயது. மூளை முடக்குவாதம். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும். படுக்கவைத்தே கஞ்சி ஊற்றுவார்கள். புரையேறி ஒவ்வொரு வேளையும் போராட்டம். முதலில் உணவைச் சரிசெய்தோம். இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகு சாய உட்காரவைத்து, தொடைகளுக்கு நடுவே சுருட்டிய சாக்கை வைத்து, தலை முன்பக்கம் லேசாகக் குனிந்திருக்கும்படி பிடித்து ஊட்டச் சொன்னோம். இரண்டு வாரத்தில் புரையேறுவது குறைந்தது. முகத்தில் சதை பிடித்தது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நாங்கள் சொன்னதற்கு மதிப்பு வந்தது.

நடைப் பயிற்சிக்கு முற்றத்தில் சவுக்குக் கம்பு நட்டோம். நான்கு கால்களை ஒன்றரை அடி ஆழம் புதைத்து, அவற்றின் மேல் இரண்டு நீளக் கம்புகள். இரண்டுக்கும் இடைவெளி பிள்ளையின் இடுப்பை விடக் கொஞ்சம் அதிகம். உயரம் அவன் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கும் அளவு. நீளக் கம்பை ஆணி அடித்துப் பொருத்தக் கூடாது, கயிற்றால் கட்ட வேண்டும். பிள்ளை வளர வளர அவிழ்த்து மேலே ஏற்றிக் கட்டலாம். செதில் குத்தாமல் இருக்கத் தாத்தா உடைந்த கண்ணாடித் துண்டால் கம்பு முழுக்கச் சுரண்டி வழுவழுப்பாக்கினார். எதிர்முனையில் ஒரு கிண்ணத்தில் பொரிகடலை. செலவு என்று பார்த்தால் கயிற்றுக்குத்தான். ஆஸ்பத்திரியில் பளபளக்கும் எஃகுக் கம்பிகள் செய்கிற அதே வேலையை அந்தக் கம்புகள் செய்தன. அதோடு தெருவுக்குத் தெரிய முற்றத்தில் நின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து அதில் தொங்கி விளையாடினார்கள். அந்தப் பையனுக்கு முதல் சிநேகிதர்கள் கிடைத்தது அந்தக் கம்புகளுக்கு நடுவில்தான். ஒளித்துவைத்த பிள்ளையை ஊருக்குக் காட்டியதுதான் அந்த முற்றம் செய்த ஆகப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வேலைக்கும் ஓர் எல்லை இருந்தது. பையன் நடக்கப் பழகிய பிறகு பள்ளிக்கூட வாசலில் நான்கு படி. தலைமையாசிரியர் ஒருவர், இவனைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும் என்றார். அடையாள அட்டை வாங்க முகாமுக்குப் போனால் மாடியில் டாக்டர். அந்தப் படிகளைச் சவுக்குக் கம்பால் சரிசெய்ய முடியாது. பஞ்சாயத்தும் கல்வித்துறையும் சுகாதாரத்துறையும்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஆள் திரள வேண்டும். களப்பணியாளர்கள் பலர் அந்த இடத்தில்தான் சங்கக்காரர்களாக மாறினார்கள். மாதம் ஒரு நாள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். தனியாக வந்தால் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடும் அலுவலகம், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் முப்பது பேர் வரிசையாக வந்தால் எழுந்து நின்று கேட்டது.

அரசுத் திட்டங்களில் எங்களுக்கு முதலில் இடம் கொடுத்தது 2005ல் உலக வங்கிக் கடனில் தமிழக அரசு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம். கிராமத்துக்குக் கிராமம் அமைந்த வறுமை ஒழிப்புச் சங்கங்களில் மாற்றுத்திறனாளி ஒருவர் கட்டாயம் உறுப்பினர். எங்களுக்கென்று தனிச் சுயஉதவிக் குழுக்கள். ஊர்க்காரர் ஒருவரையே தேர்ந்து பயிற்சி கொடுத்துச் சமுதாய மாற்றுத்திறனாளி வழிநடத்துநர் ஆக்கினார்கள். அந்தச் சங்கக் கூட்டத்தில் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி முதல்முறை கையெழுத்துப் போட்டபோது, யாருக்குக் கடன் என்ற முடிவில் தனக்கும் பங்கு உண்டு என்பதை நம்பவே அவளுக்கு நேரம் பிடித்தது. அதுவரை பயனாளி என்ற ஒரே பட்டியலில்தான் அவள் பெயர் இருந்தது.

கிராமத்தில் இப்படி ஊர்ந்துகொண்டிருந்த வேலைக்குச் சட்டத்தின் பலம் டெல்லிச் சாலைகளில் கிடைத்தது. மத்திய அரசு வேலையில் கீழ்நிலைப் பணிகளுக்கு மூன்று சதவீத இடஒதுக்கீடு 1977ல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தக் கேட்டு 1980 மார்ச் 16 அன்று ஊர்வலம் போன பார்வையற்றோர் மீது டெல்லி போலீஸ் தடியடி நடத்தியது. எங்கிருந்து அடி வருகிறது என்று பார்க்க முடியாதவர்களை அடித்தார்கள். நாடே கொதித்தது. 1995 டிசம்பர் 19ல் ஜாவேத் அபிதி போன்ற உரிமைப் போராளிகள் திரட்டிய ஊர்வலம் நாடாளுமன்றத்தை நோக்கிப் போனது. மூன்றே நாளில், டிசம்பர் 22ல், ஊனமுற்றோர் சட்டம் நிறைவேறியது. ஏழு வகைக் குறைபாடுகள், மூன்று சதவீதம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007ல் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள், நான்கு சதவீதம்.

கணக்கெடுப்பின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1872 முதல் 1931 வரை பார்வையற்றோர், காது கேளாத வாய் பேசாதோர், மனநோயாளிகள், தொழுநோயாளிகள் என்று எண்ணினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். 1981ல் எண்ணினார்கள், 1991ல் மறுபடி விட்டார்கள். 2001ல் கேள்வியைச் சேர்க்க வைத்தது போராட்டம்தான். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 16.42 லட்சம் பேர். 2011ல் 11.80 லட்சம். பத்தாண்டில் நான்கரை லட்சம் பேர் எங்கே போனார்கள்? பெரிய பங்கு பார்வை பற்றிய கேள்வியில் இருக்கிறது: 2001ல் அந்த வகையில் மட்டும் 9.64 லட்சம் பேர். 2011ல் கேள்வியும் விளக்கமும் மாறி 1.27 லட்சமாகச் சுருங்கியது. கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து லட்சக்கணக்கானவர்கள் தோன்றுகிறார்கள், மறைகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து கேட்காமல் வாசலில் நின்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த காலத்திலேயே ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய பான்யன் போன்ற அமைப்புகள் அதற்கு முன்பே இந்த வேலையில் இருந்தன. ஆனால் கிராமத்தில், போலியோக்காரர்கள் நடத்திய எங்கள் கூட்டங்களுக்கு மனநோயாளியின் குடும்பம் வந்ததில்லை. அவர்களையும் அழைக்க வேண்டும் என்ற எண்ணம் இயக்கத்துக்கு வர ஏர்வாடி எரிய வேண்டியிருந்தது. இதை மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன்.

அதற்குப் பிறகான இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சாலைகளில் நடந்த மறியல்களைப் பட்டியல் போட்டு முடியாது. பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுச் சென்னையில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தார்கள். மாற்றுத்திறனாளிகள், பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் மாவட்டம் தோறும் அலுவலகங்களை முற்றுகையிட்டது. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிக்கு நான்கு மணி நேர வேலை, முழுக் கூலி என்ற 2012ஆம் ஆண்டு அரசாணை பெரிய வெற்றி. தண்ணீர் கொடுப்பது, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, செடிக்கு நீர் ஊற்றுவது என்று வேலை ஒதுக்கினார்கள். பல ஊர்களில் பணித்தளப் பொறுப்பாளரிடம் அந்த அரசாணையின் நகலை நீட்டி வாதாடினால்தான் முழுக் கூலி வந்தது. நகலை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 1,500லிருந்து 2,000 ரூபாய் ஆயிற்று. ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய். அந்த வித்தியாசத்துக்கு நம் அரசு பதில் சொல்ல வேண்டும்.

பஸ் படியையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எங்களுக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. நல்ல உதவி. ஆனால் முதல் படி என் முழங்கால் உயரம். தாழ்தளப் பேருந்து கேட்டு வைஷ்ணவி ஜெயகுமார் போன்றவர்கள் உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். 2024 ஆகஸ்டில் சென்னையில் அத்தகைய பேருந்துகள் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியோடு நேராக உள்ளே போகலாம். தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர் வழித்தடங்களிலும் அவை ஓட வேண்டும்.

இப்போது உள்ளாட்சி மன்ற நாற்காலிக்கு வருகிறேன். 2008ல், தொழுநோய் உள்ளவர் நகராட்சிப் பதவியில் இருக்கக் கூடாது என்ற ஒடிசா நகராட்சிச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, எம்.சி.ஆர். செருப்புக்குக் காத்திருந்தவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அங்கிருந்து 17 ஆண்டுகள். 2025 ஏப்ரல் 16ல் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் இரண்டு திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார்: நகர்ப்புற உள்ளாட்சி ஒவ்வொன்றிலும், கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளி ஒருவராவது நியமன உறுப்பினராவார். நகரங்களில் மட்டும் சுமார் 650 பேர். கிராமங்களையும் சேர்த்தால் பதின்மூன்றாயிரத்தைத் தாண்டும். வேறு எந்தச் சலுகையையும் விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பள்ளிப் படியும் மாடியில் இருந்த டாக்டரும் எங்களைத் திருப்பி அனுப்பியபோது, அந்தப் படியைக் கட்ட முடிவெடுத்த கூட்டத்தில் நாங்கள் இல்லை. இனி இருப்போம்.

நியமனம் என்பதால் ஒரு பயமும் உண்டு. கட்சிக்காரரின் தம்பிக்கோ, தலைவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறவருக்கோ இந்த இடம் போய்விடக் கூடாது. ஊரில் இத்தனை காலம் அட்டைக்கும் உதவித்தொகைக்கும் அலைந்து, மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த ஆள் யாரென்று ஊருக்குத் தெரியும். அவர் உட்கார வேண்டும். காது கேளாதவர் நியமிக்கப்பட்டால் சைகை மொழி தெரிந்தவரைக் கூட்டத்துக்கு அழைக்கும் செலவை ஊராட்சி ஏற்க வேண்டும். பார்வையற்றவருக்குத் தீர்மானங்களை முன்கூட்டியே படித்துக் காட்ட வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக அவர்களின் தாய்மார் பேச இடம் வேண்டும். இதெல்லாம் விதிகளில் எழுதப்பட்டால்தான் நிலைக்கும்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்துக்குப் போங்கள். நம் ஊராட்சியின் மாற்றுத்திறனாளி உறுப்பினர் யார் என்று எழுந்து கேளுங்கள். இன்னும் நியமிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கூட்டம் படியேறிப் போகும் கட்டடத்தில் நடந்தால், அடுத்த முறை சமதளத்தில் நடத்த வேண்டும் என்று சொல்லி அதையும் அதே பதிவேட்டில் எழுத வையுங்கள்.